தண்டுப் பகுதிப் பெண்களின் பெயர் எங்கே எழுதப்பட்டது?

வாசகர் ஒருவரின் கேள்வி – 2023 ஆகஸ்ட் 19

பெங்களூரில் சிவாஜி நகர், அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழர்கள் தங்களைக் ‘கண்டோன்மென்ட் தமிழர்’ என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டாளத்துக்கு வேலையாட்கள் தேவைப்பட்டதால் வெள்ளையர் உண்டாக்கிய அடையாளம் அது. பெண்களே அதைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. பங்களாவில் எச்சில் தட்டு கழுவியதைத் தவிர நம் பாட்டிகளுக்கு அந்த ஆட்சியில் என்ன கிடைத்தது?

ஆகஸ்ட் 19, இரவு

எச்சில் தட்டு கழுவியவர்களின் கொள்ளுப்பேத்தி நான். ஆகவே இந்த இணைய இழையில் பதிலை நானே தொடங்குகிறேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலில் வாடிய ஆங்கிலேயப் படையை இங்கே கொண்டுவந்து 1809இல் ‘தண்டு’ எனப்படும் கண்டோன்மென்ட்டை அமைத்தார்கள். சமையல்காரர், சலவைத் தொழிலாளி, குதிரைக்காரர், ஆயா என்று பின்னாலேயே வந்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசியவர்கள். 1881இல் மைசூர் அரசை மன்னரிடம் திருப்பிக் கொடுத்தபோதும் தண்டை ஆங்கிலேயர் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1947இல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல்தான் பழைய நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. என் பாட்டி சாகும்வரை சிக்பேட்டைக்குப் புறப்படும்போது ‘சிட்டிக்குப் போயிட்டு வரேன்’ என்றே சொல்வார், ஏதோ எல்லை தாண்டிப் போவதுபோல.

கிடைத்தது என்ன என்று கேட்கிறீர்கள். வட ஆற்காட்டுச் சேரியில் பண்ணையாட்களாக இருந்த குடும்பம் எங்களுடையது. அங்கே கூலி தானியமாக வந்தது. அதையும் ஆண்டையின் மனநிலை தீர்மானித்தது. கூலி காசாகக் கைக்கு வந்தது பெங்களூரில்தான் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை வைத்து வெள்ளையர் ஆட்சிக்கு நற்சான்று எழுத நான் வரவில்லை. எச்சில் தட்டு எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த ஆட்சியோடு வந்த ஒன்றல்ல என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 20

எங்கள் வீட்டில் பழைய தாள்கள் இரண்டு இருக்கின்றன. ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலிருந்து விலகியபோது பெற்ற சான்று. அதில் அவருடைய பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, உயரம், வலது புருவத்துக்கு மேலுள்ள தழும்பு வரை எல்லாம் இருக்கின்றன. மற்றது, ரிச்மண்ட் டவுன் பங்களா ஒன்றின் துரைசாணி என் கொள்ளுப்பாட்டிக்கு எழுதிக் கொடுத்த ‘சிட்டு’ என்ற நற்சான்றுத் தாள். அடுத்த வேலைக்குப் போகும்போது காட்டுவதற்காக அக்காலத்து வேலையாட்கள் எல்லோரும் அப்படி ஒரு தாள் வைத்திருந்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்துவிட்டது; மிச்சத்தைப் படிக்க முடிகிறது. இவள் நாணயமானவள், சுத்தமானவள், குழந்தைகளிடம் பொறுமையானவள், குடும்பம் சீமைக்குத் திரும்புவதால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறது. கீழே துரைசாணியின் முழுப்பெயரும் அவர் கணவரின் பதவியும் இருக்கின்றன. என் கொள்ளுப்பாட்டி அதில் ‘என் ஆயா’ மட்டுமே.

கணவரின் தழும்பு அரசாங்கத் தாளில் ஏறியது. மனைவியின் பெயர் ஏறவில்லை. தண்டின் வரலாற்றைத் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் படைச் சான்று, பின்னி மில் சம்பளச் சீட்டு, ஓய்வூதியப் புத்தகம் ஆகியவற்றிலிருந்தே தொடங்குவதால், ‘நாங்கள் யார்’ என்ற கேள்விக்கு வரும் பதிலும் ஆண்களின் வேலையாகவே வந்துவிடுகிறது. ‘நாங்கள் சாப்பர்ஸ் குடும்பம்’ என்று என் அண்ணன் சொல்வார். ‘நாங்கள் ஆயா குடும்பம்’ என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அந்த வீட்டை அதிக ஆண்டுகள் நடத்தியது ஆயாவின் சம்பளமாக இருந்தபோதிலும்.

ஆகஸ்ட் 20, சிறு பின்குறிப்பு

ஆண் வழியில் அறியப்படுவது பழங்கதை என்று இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, கெம்பேகவுடா விமான நிலையத்தில் என் பயணச்சீட்டைப் பார்த்து ‘மிஸ் முனுசாமி, உங்கள் பயணம் இனிதாகட்டும்’ என்று ஒரு பெண் வாழ்த்தினார். முனுசாமி என் தகப்பனார். இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் உயிரோடு இருந்தவரை விமானத்தில் ஏறியதே இல்லை.

ஆகஸ்ட் 24

கொள்ளுப்பாட்டி கப்பல் ஏறினாரா என்று கேட்டவருக்கு: எங்கள் வீட்டில் அது இன்னும் தீராத வழக்கு. அந்தச் சிட்டு எழுதப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் துரைசாணியின் குழந்தையோடு ஒருமுறை சென்னைத் துறைமுகத்திலிருந்து போய்த் திரும்பினார் என்று பாட்டியும் அவர் தங்கையும் சாதித்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது தாத்தா வழி ஆண்களின் கட்சி. கணவன் உயிரோடிருக்க ஒருத்தி கடல் தாண்டினாள் என்பது அவர்களுக்கு உவப்பான செய்தியாக இல்லை.

பயணிகள் பட்டியலைத் தேடினால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் சொல்லக்கூடும். அக்காலக் கப்பல் பட்டியல்கள் பலவற்றில் இத்தகைய பெண்கள் ‘இன்ன துரைசாணியின் ஆயா’ என்றே பதிவாகியிருக்கிறார்கள். லண்டன் வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு திரும்பி வரச் செலவு கொடுக்காமல் விடப்பட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தங்குவதற்காக முதலில் ஆல்ட்கேட்டிலும், 1900 முதல் ஹாக்னியிலும் ஆயாக்கள் இல்லம் ஒன்று இயங்கியது. அந்த ஹாக்னி வீட்டின் சுவரில் 2022இல் நீல நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 27

ஆங்கிலோ இந்தியர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன். இது விலகிப்போவது போலத் தோன்றினாலும் விலகவில்லை.

காக்ஸ் டவுனில் என் பள்ளித் தோழி ஒருத்தியின் தாய் ஆங்கிலோ இந்தியர், தந்தை தமிழர். கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கியும் குல்குலும் செய்து, வீட்டில் ஆங்கிலம் பேசி, தாய்வழிப் பாட்டனின் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கும் அவள் சட்டப்படி ஆங்கிலோ இந்தியர் ஆக மாட்டாள். அரசியலமைப்பின் 366(2) பிரிவு, தந்தையோ தந்தை வழி ஆண் முன்னோர் எவருமோ ஐரோப்பிய வம்சத்தவராக இருந்தால்தான் ஒருவரை அவ்வாறு ஏற்கிறது. 1935ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்த வரையறை இது. 2020 ஜனவரியில் அந்தச் சமூகத்துக்கான நாடாளுமன்ற, சட்டமன்ற நியமன இடங்கள் நின்றுபோயின. வரையறை அப்படியே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான காலமும் இருந்தது. 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைத் தன் உயர் பணிகளிலிருந்து விலக்கியது. வேலையை மறுக்க வேண்டியபோது தாய் யார் என்று பார்த்தார்கள். இனத்தை வரையறுக்க வேண்டியபோது தாயை விட்டுவிட்டார்கள். அந்தத் தாய்மார்களில் தமிழ் பேசியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். என் தோழியின் கூடத்தில் பாட்டனின் படம் இருக்கிறது. அந்தப் பாட்டனின் பாட்டி யார் என்று கேட்டால் அவள் குடும்பத்தில் பேச்சு கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திரும்பிவிடும்.

செப்டம்பர் 3

ஆகஸ்ட் 20 அன்று எழுதியதை மறுபடி படித்தேன். பெயர் எழுதப்படாததே பெரிய அநீதி என்பது போல அதன் தொனி இருக்கிறது. ஒரு வாரமாக வேறு திசையில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தண்டுகளில் பெண்களின் பெயரை மிகக் கவனமாக எழுதிய பதிவேடு ஒன்று இருந்தது. 1864ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டமும், 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் படைவீரர்களுக்குப் பால்வினை நோய் வராமல் தடுப்பதற்காகப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களைப் பதிவு செய்யச் சொல்லின. பதிவான பெண் சீட்டு வைத்திருக்க வேண்டும்; குறித்த நாளில் உடற்பரிசோதனைக்கு வர வேண்டும்; நோய் இருப்பதாகத் தெரிந்தால் அதற்கென்றே இருந்த மருத்துவமனையில் குணமாகும்வரை அடைத்து வைப்பார்கள். அந்தச் சட்டம் பரிசோதிக்கச் சொன்னது பெண்ணை மட்டுமே. இங்கிலாந்திலும் இங்கேயும் எதிர்ப்பு வலுத்த பிறகு 1888இல் தொற்றுநோய்ச் சட்டம் நீக்கப்பட்டது.

ஆகவே ஒரு தண்டில் ஒரே காலத்தில் இரு வகைப் பெண்கள் இருந்தார்கள். குழந்தையைக் கையில் கொடுத்து நம்பிய பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை. நம்பாத பெண்ணின் பெயரைத் தேதி வாரியாக எழுதிவைத்தார்கள். ஏட்டில் பெயர் இருப்பதையே மதிப்பின் அளவாகக் கொண்டால் நாம் எங்கே போய் நிற்போம்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தச் சிட்டில் பெயர் இல்லாததால், அதே தாளைக் காட்டிக் கொள்ளுப்பாட்டியின் தங்கையும் வேறொரு பங்களாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்! பாட்டி இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். நாணயமானவள் என்று எழுதியிருந்த தாளை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தார்கள் என்பதே அவருக்குச் சிரிப்பு.

செப்டம்பர் 5

மேலே உள்ளதை அல்சூரில் இருக்கும் என் திருநங்கைத் தோழியிடம் படித்துக் காட்டினேன். ‘நீங்க ஏட்டுல பேர் இல்லேன்னு வருத்தப்படுறீங்கக்கா, எங்க ஆளுங்க பேரை அதுலேருந்து எடுக்கச் சொல்லி கோர்ட்டுக்குப் போனாங்க’ என்றார்.

அவர் சொன்னதன் பின்னணி இதுதான். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சாதிகளைப் பற்றியது என்றே நம்மில் பலர் அறிவோம். அதன் இரண்டாம் பகுதி அன்றைய வடமேற்கு மாகாணங்களின் திருநங்கையரைப் பதிவு செய்யவும், அவர்களின் சொத்தைக் கணக்கெடுக்கவும், பொது இடத்தில் பெண் உடை அணிந்தாலோ ஆடினாலோ தண்டிக்கவும் வழி செய்தது. அந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின் ஒழிந்தது. ஆனால் 2011இல், இதே பெங்களூர் தலைநகராக உள்ள கர்நாடகத்தில், மாநிலப் போலீஸ் சட்டத்தில் 36ஏ என்ற பிரிவைச் சேர்த்துத் திருநங்கையரின் பெயர், முகவரிப் பதிவேட்டைப் போலீஸார் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 140 ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் எது எந்த ஆண்டுக்குரியது என்று குழப்பம் வரும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போன பிறகே அந்தப் பிரிவின் வாசகம் மாறியது.

தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கச் சொல்கிறது. தோழி இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 9

நேற்று சிவாஜி நகர் ஆரோக்கிய மாதா திருவிழா. இந்துக்களான நாங்களும் ஆண்டுதோறும் போகிறோம். மாதாவுக்குச் சேலை உடுத்தியிருப்பதாலோ என்னவோ, தண்டு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு இங்கே வருவதில் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் முரண்பாடு கண்டதில்லை.

வரிசையில் நிற்கும்போது 1898ஆம் ஆண்டின் பிளேக் பற்றிய பேச்சு வந்தது. கட்டி இருக்கிறதா என்று அக்குளையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்க்கும் பரிசோதனை, நோயாளியை முகாமுக்குக் கொண்டுபோவது, வீட்டுச் சாமான்களைக் கொளுத்துவது எல்லாம் அப்போது நடந்தவை. புனேயில் 1897இல் பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டதைப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். பெண்களைத் தொட்டதற்கு ஆண்கள் பழிவாங்கினார்கள் என்பதாக அந்த நினைவு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டு நினைவில் துப்பாக்கி இல்லை. காய்ச்சலில் கிடந்த நாத்தனாரை எழுப்பி, முகம் கழுவி, தலை வாரிப் பூவும் வைத்து, அம்மிக்கு முன்னால் உட்காரவைத்துக் குழவியைக் கையில் கொடுத்தார்கள். சோதனைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் பிழைத்தாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறேன். பாட்டி ஒவ்வொரு முறையும் அம்மியோடு கதையை நிறுத்திவிடுவார். பரவக்கூடிய நோயை அப்படி மறைத்தது சரியா என்று இழையில் ஒரு மருத்துவர் கேட்டிருக்கிறார். சரியில்லைதான். பாட்டியும் இதைப் பெருமையான குரலில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

செப்டம்பர் 10

எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் முன் முழங்கையைத் தண்ணீரில் தோய்த்துச் சூடு பார்ப்போம். கொள்ளுப்பாட்டி செய்தார், பாட்டி செய்தார், அம்மா செய்தார், நானும் என் மகனுக்குச் செய்தேன். வேலூர்ப் பக்கமிருந்து வந்த என் மாமியார் விரலை விட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டார். இது ரிச்மண்ட் டவுன் பங்களாவின் குழந்தை அறையிலிருந்து எங்களிடம் வந்த பழக்கம் என்று நான் நம்புகிறேன். மருத்துவச்சிகள் எல்லா ஊரிலும் செய்வதுதான் என்று மருத்துவர் எழுதிவிட்டார். இருக்கலாம். என் நம்பிக்கையை இப்போதைக்கு விடுவதாக இல்லை.

செப்டம்பர் 16

‘தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடுவதே தமிழ் மரபு, அதைக் காலனியத்தோடு கோக்க வேண்டாம்’ என்று ஒருவர் கண்டிப்பாக எழுதியிருக்கிறார். அப்படியானால் எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் உள்ள ‘எஸ்’ யார்? அவர் தாயார் சண்முகவடிவு. தேவதாசி மரபில் வந்த இசைக் குடும்பங்களில் தாயின் பெயரும் ஊரின் பெயருமே அடையாளமாக இருந்தன.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கியவரையே எடுத்துக்கொள்வோம். 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்த நாகரத்தினம்மாள், சென்னையில் புகழ்பெற்ற பிறகும் பெங்களூர் நாகரத்தினம்மாளாகவே அறியப்பட்டார். முத்துப்பழனி என்ற தஞ்சை அரசவைப் பெண் கவிஞர் 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய சிருங்காரக் காவியத்தை 1910இல் விடுபட்ட பாடல்களையும் சேர்த்துப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு அதைத் தடை செய்தது. தடை நீங்க 1947 ஆக வேண்டியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அரசுக்கு முன்பே நம்மவர் வாய் திறந்துவிட்டார்கள் என்பதுதான். சமூகச் சீர்திருத்தத்தில் பெரும்பெயர் பெற்ற கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று அதற்கும் முன்பே முத்துப்பழனியைத் தூற்றியிருந்தார். விக்டோரியா காலத்து வெட்கம் கப்பலில் வந்தது உண்மை. அதைத் துறைமுகத்துக்கே போய் வரவேற்றுக் கூட்டி வந்தவர்கள் இங்கேதான் இருந்தார்கள்.

நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று இருந்ததால் பெண்களுக்கென்று தனியே ஆராதனை நடத்தினார். பாட்டிகள் எல்லோரும் மௌனமாக இருந்தார்கள் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவரும் அந்தத் தலைமுறைதான். கையில் காசும், படித்த கல்வியும், தன் பெயருக்கு முன்னால் எந்த ஆணும் இல்லாத நிலையும் இவருக்கு இருந்தன.

செப்டம்பர் 26

காவிரிக்காக இன்று நகரில் முழு அடைப்பு. வீட்டிலிருந்தே எழுதுகிறேன்.

இதே காவிரிக்காகத் தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்போது என் தகப்பனாரும் சித்தப்பாவும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க, அம்மாதான் பால் வாங்கவும் நிலவரம் கேட்டுவரவும் வெளியே போனார். ஆண்கள் மில்லில் தமிழர்களோடு வேலை செய்து, தமிழ்ச் சங்கத்தில் பேசி, தமிழ்ப் பத்திரிகை படித்து வாழ்ந்தவர்கள். கன்னடத்தில் இரண்டு வாக்கியம் பேசினாலே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். அம்மா குழாயடியிலும் ரேஷன் கடையிலும் பிரசவ வார்டிலும் கன்னடம் கற்றவர். எங்கள் அடையாளத்தை உரக்கப் பேசியவர்கள் அந்த வாரம் ஒளிந்திருந்தார்கள். அதைப் பற்றி ஒருநாளும் பேசாதவர் தெருவில் நின்று எங்களைக் காத்தார். பிற்பாடு எங்கள் உறவில் ‘தொண்ணூத்தொண்ணு கலவரம்’ என்று சொல்லப்படும் கதையில் அம்மாவின் பால் பாக்கெட் இல்லை.

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை அந்த ஆண்டிலிருந்து 2009 ஆகஸ்ட் வரை திறக்கப்படாமல் மூடிக்கிடந்தது. யாரென்று ஊருக்கே தெரிந்தவர் பதினெட்டு ஆண்டுகள் துணிக்குள் நின்றார். மூடிவைப்பதற்காவது ஒரு சிலை இருந்ததே என்று எங்கள் தெருப் பெண்கள் கேலி பேசுவோம்.

அக்டோபர் 8

வள்ளுவரைச் சொன்னதும் ஒருவர் கந்தப்பனை நினைவூட்டியிருக்கிறார். நன்று. ஹாரிங்டன் துரையின் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஓலைகளைக் கொடுத்து, அவை எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் சேர்ந்து அச்சுக்குப் போயின என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். பங்களா வேலைக்காரனை எழுத்தறியாதவன் என்று எண்ணியவர்களுக்கு அது சரியான பதில். கந்தப்பனின் பெயர் நமக்குக் கிடைத்தது துரையின் ஏட்டிலிருந்து அல்ல, பேரன் எழுதியதால்தான் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். அப்படியானால் எங்கள் வீட்டில் எழுதாமல் இருந்தது யார் என்ற கேள்விக்குத் துரைசாணியை மட்டும் கை காட்டிவிட்டு நாங்கள் நகர்ந்துவிட முடியாது. என் தாத்தா நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர். தம் மாமியாரின் சம்பளத்தில் படித்தவர்.

சிட்டின் படத்தைப் பதியச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். பதியப் போவதில்லை. அதில் முழுப்பெயரோடு இருப்பவர் துரைசாணி ஒருவரே. இணையத்தில் ஏற்றினால் தேடுபவர்களுக்கு அகப்படப்போவதும் அவர்தான். கொள்ளுப்பாட்டியின் பெயரையாவது சொல்லுங்கள் என்று கேட்டவருக்கு: முனியம்மா என்று எங்கள் கிளை சொல்கிறது. தங்கையின் கிளையோ, முனியம்மா தங்கள் பாட்டி, எங்களுடையவர் சின்னப்பொண்ணு என்கிறது. இருவரும் ஒரே தாளைக் காட்டி வேலை பார்த்ததால் வந்த குழப்பம் இது. அடுத்த மாதம் லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு இரு கிளைகளும் வருகின்றன. அந்தக் கிளையில் தொண்ணூறைத் தாண்டிய அத்தை ஒருவர் இருக்கிறார். பந்தி முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக இருக்கிறேன்.